செம்மண் சாலைக்குச் சிறிய வண்டி

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மழை விட்டதும் செம்மண் சாலை வழுக்கும். உடனே பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரைமேல் இரும்புச் சட்டம் என்று மாட்டத் தோன்றும். பெட்ரோலைக் குடிப்பவை இவைதாம். கனத்த டயரைச் சுழற்ற இன்ஜின் திணறும். கூரைச் சட்டம் நெடுஞ்சாலையில் காற்றோடு மல்லுக்கட்டும். 1998இல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட கெம்பாரா வண்டியை எண்ணிப் பாருங்கள். 1.3 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும், எடையும் குறைவு. சேற்றில் அதுவே பாதி பலம்.

சின்ன வண்டி கல்லில் அடிபடுமே என்பீர்கள். நியாயம்தான், இன்ஜினுக்கு அடியில் ஒரு காப்புத் தகடு பொருத்தலாம். டயர் அளவை மாற்றாமல், பிடிப்பு மிகுந்த ரகமாகப் போடுங்கள். சேற்றில் இறங்குமுன் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகன்று மண்ணைப் பற்றும். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள்; இல்லையென்றால் மிச்சப்பட்ட பெட்ரோல் அங்கே கரையும், டயரும் சூடேறும். வெள்ளம் ஓடும் இடத்தில் எந்த ஏற்பாடும் உதவாது, திரும்பிவிடுங்கள். வண்டியின் அமைப்பில் கைவைக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.