சம்பளமில்லாத உத்தியோகம்
(சொற்பொழிவின் சாரம்)



உத்தியோகம் என்றால் கச்சேரியில் ஒரு மேசையும் மாத முடிவில் சம்பளமும் என்றே நம்மவர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இன்று இரணைமடுவைச் சுற்றியுள்ள குடியேற்றங்களில் வேறொரு தொழில் புகுந்திருக்கிறது. வீட்டு விறாந்தையில் மடிக்கணினியுடன் அமர்ந்து, லண்டனிலோ சிட்னியிலோ உள்ள ஒருவருக்குப் படம் வரைந்தோ, கணக்கெழுதியோ, இணையத்தளம் அமைத்தோ கொடுத்து ஊதியம் பெறுவது. பிறீலான்சிங் என்கிறார்கள் பிள்ளைகள். அறிவியல்நகர்ப் பொறியியற் பீடத்து மாணவர் மாத்திரமல்லர், உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளும் இதனை நாடுகின்றனர். ஊரையும் தாய் தந்தையரையும் விட்டுக் கொழும்புக்குப் போகாமல் உழைப்பது சிறிய காரியமன்று. ஆகையினாற்றான், ஆறு மாதத்தில் மனமுடைந்து விலகுவோரைக் காண வருத்தம் மேலிடுகிறது.

அவர்களிடம் திறமைக் குறைவென்று நான் நினைக்கவில்லை. தண்ணீரை அளக்காமல் விதைத்துவிடுகிறார்கள்.

நம் குளத்தையே பாருங்கள். நிறைந்தால் 36 அடி. ஆயினும் சிறுபோகத்துக்கு எல்லா வயலையும் விதைக்க விடுவதில்லை. முதலிற் கூட்டம் கூடுகிறது. நிற்கும் தண்ணீரைப் பார்த்து, இத்தனை ஏக்கர், இன்ன திகதிக்குள் விதைப்பு, இன்ன திகதியோடு தண்ணீர் நிறுத்தம் என்று தீர்மானித்த பின்பே வாய்க்கால் திறக்கப்படுகிறது. அக்கூட்டத்திற் சத்தமும் சச்சரவும் உண்டென்பது வேறு விஷயம்! விதைத்த பின் சண்டை பிடிப்பதிலும் விதைக்குமுன் பிடிப்பது நல்லதல்லவா?

பைவர் என்னும் இணையச் சந்தையில் ஆகக்குறைந்த விலை 5 டொலர். புதியவர் அதையே போடுகிறார். சந்தைக்காரர் நூற்றுக்கு 20 எடுத்தபின் மிஞ்சுவது 4 டொலர். ஒரு கடைக்குச் சின்னம் வரைய மூன்று மணித்தியாலம் என்று வையுங்கள். நிறத்தை மாற்று, எழுத்தை மாற்று என்று வாங்குபவர் திருப்பித் திருப்பி அனுப்ப இன்னும் மூன்று மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஒரு டொலர்கூட இல்லை. அதிலும் மின்சாரமும் டேட்டாவும் போகவேண்டும். அந்த 4 டொலரும் உடனே கைக்கு வராது. வேலை முடிந்தபின் புதியவர் 14 நாள் பொறுக்க வேண்டும். கடனுக்காகக் களத்திலேயே ஈரநெல்லை விற்றவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும்.

ஆகவே வேலையைத் தொடுமுன் எழுதிக் கேளுங்கள். எத்தனை படம், எத்தனை தடவை திருத்தம், எந்தத் திகதி, அதற்கு மேற்பட்ட திருத்தத்துக்கு என்ன விலை. பெரிய வேலையானால் பகுதி பகுதியாகப் பணம். ஆங்கிலம் பிழைத்துவிடுமே என்று வெட்கப்பட்டு இதை எழுதாமல் விடுகிறவர்கள் பலர். எழுதும் நாலு வரியில் இலக்கணம் பிழைத்தால் ஒருவரும் நட்டப்படப் போவதில்லை. எழுதாவிட்டால் நட்டம் உங்களுக்கே.

ஏமாற்றுக்காரரும் உண்டு. தட்டச்சு வேலை தருகிறோம், முதலிற் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பானா, கூலி கேட்பானா? சந்தைக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசி முடிப்போம் என்பவரிடமும் எச்சரிக்கையாயிருங்கள். பணம் வராவிட்டால் முறையிட இடமிராது. உங்கள் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்குக் கேட்பவரை வாசற்படி ஏற்றாதீர்கள். அவர் செய்யும் குற்றம் உங்கள் அடையாள அட்டையில் வந்து நிற்கும்.

இன்னொன்று. காலபோகம் நன்றாய் விளைந்த ஆண்டிலும் நம்மவர் விதைநெல்லை வைத்துவிட்டே விற்பார்கள். இத்தொழிலில் ஒரு மாதம் கை நிறையும், அடுத்த இரு மாதம் வெறுமையாயிருக்கும். கை நிறைந்த மாதத்தில் தவணை முறையில் மோட்டார் சைக்கிள் எடுக்க ஓடுகிறார்களே, அந்தத் தவணை வெறும் மாதத்திலும் தவறாமல் வாசலுக்கு வரும்! முதலில் மூன்று மாதச் செலவையாவது வங்கியில் ஒதுக்குங்கள்.

வரிக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் தொடக்கம், வெளிநாட்டாருக்குச் செய்யும் சேவையால் வரும் வருமானத்துக்கும் வரி விதிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவரை விலக்கு; அதற்கு மேற்பட்டதற்கு உச்ச வீதம் நூற்றுக்கு 15. தொடக்கக்காரரில் அநேகருக்கு வரி வராது. என்றாலும் வந்த ஒவ்வொரு டொலரையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு வங்கியிற் கடன் கேட்கப் போனால் சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். அப்போது வங்கிக் கணக்குக் கூற்றோடு சேர்த்து நீட்ட உங்களிடம் இருப்பது அந்தக் கொப்பிதான்.