கிலோவுக்குப் போட்ட புத்தகங்கள்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில், கல்விப் பகுதியில் ஆற்றிய உரை)





மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. கடையில் விலை பேசித்தான் பழக்கம். படித்ததும் பாலிடெக்னிக்கில் ஒரு டிப்ளோமா, அவ்வளவுதான். "ஏதாவது பத்து நிமிஷம் பேசு தம்பி" என்று செயலாளர் மாமா சொன்னார். சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நன்னா மவுத்தான பிறகு பழைய கடையின் பரணைக் காலி செய்தோம். அங்கே இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி நன்னா வரவழைத்த அம்புலிமாமா இதழ்களும், அட்டை போன பாட்டுப் புத்தகங்களும் அவற்றில் கிடந்தன. பிள்ளைகள் கலர் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார்கள், நடுவில் பக்கங்கள் இல்லை, குத்திய கம்பி துருப்பிடித்திருந்தது. இதை யார் வாங்குவார்கள் என்று பழைய பேப்பர்காரரிடம் கிலோவுக்குப் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து உம்மா கேட்டார்கள்: "அந்தப் பெட்டி எங்கேடா?" உம்மா பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்பு வரைதான். தமிழ் வாசிக்கப் பழகியது அந்தப் பெட்டியில் இருந்தவற்றை வைத்து. போட்டுவிட்டேன் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்கள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ரூத் பால்ட்வின் என்று நூலகவியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். 1953இல் அவருடைய பிறந்தநாளுக்குப் பெற்றோர் இங்கிலாந்திலிருந்து நாற்பது சின்னப் புத்தகங்களை அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்ற வியாபாரிகள் ஊசி, நூலோடு சேர்த்து விற்ற மலிவுப் பதிப்புகள் அவை. நம் பக்கத்தில் குஜிலிப் புத்தகம் என்பார்களே, அந்த மாதிரி. அதிலிருந்து சேர்க்கத் தொடங்கியவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பு இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்கள். மற்றவர்கள் கசங்காத பிரதியைத் தேடும்போது, அந்த அம்மா பிள்ளைகள் பெயர் எழுதிய, கிறுக்கிய பிரதிகளை விரும்பி வாங்கினார். நான் எதைக் குப்பை என்று நினைத்தேனோ, அவருக்கு அதுதான் சரக்கு.

கல்லூரியில் சிறுபிள்ளைப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். பொது நூலகத்தில் பிள்ளைகள் எடுத்து எடுத்துப் படிப்பதால் புத்தகம் நைந்துவிடும், நைந்தால் கழித்துவிடுவார்கள். அது அவர்கள் வேலை. வீட்டிலோ என்னைப் போல ஒருவன் பரணைக் காலி செய்வான். ஆக, கல்லூரி நூலகம்தான் அதை வைத்துக் காப்பாற்றக்கூடிய இடம். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர் வகுப்பில் என்ன கதை சொல்வது என்று தேடுகிற இடமும் அதுதான்.

தமிழில் இப்படிச் சேர்க்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 'பாலதீபிகை' என்ற சிறுவர் இதழ் 1840இலேயே வந்திருக்கிறது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்க முன்னின்றார். சோவியத் நாட்டில் அச்சாகித் தமிழில் வந்த படக்கதைகள் மலிவு விலையில் கிடைத்தன; 1991இல் அந்த நாடு உடைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. இன்று அவற்றைச் சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்க முடியும். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் தன் வீட்டில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் சென்னையில் 1994இல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டம் பெற்றவர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை இது என்று எனக்குத் தைரியம் வந்தது அவரைப் பற்றிப் படித்துத்தான்.

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் ஆசியச் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனித் தொகுப்பு இருக்கிறது. சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் உண்டு. நம் ஆட்கள் அச்சுக்குப் புதியவர்களும் அல்ல. 1887இலேயே அங்கே 'சிங்கை நேசன்' நடத்தியவர் மகுதூம் சாயபு.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் தேசியப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒரு கதைப் புத்தகத்தை முடித்துவிட்டு, "வாப்பா, இதில் ஆயிஷான்னு யாருமே இல்லையே" என்றாள். அவள் பெயர் ஆயிஷா. நோன்புக் கஞ்சியும் பெருநாள் சட்டையும் வருகிற தமிழ்க் கதையைத் தேடி நான் மூன்று கடை ஏறினேன், கிடைக்கவில்லை. எழுதப்படவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓர் இடத்தில் சேர்த்து வைத்திருந்தால் மூன்று கடை ஏற வேண்டியிருக்காது.

போனில் எல்லாம் வந்துவிட்டதே என்று தம்பிமார் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். இலங்கைத் தமிழ் நூல்களை நூலகம் திட்டம் 2005 முதல் இணையத்தில் ஏற்றிவருகிறது. ஆனால் ஸ்கேன் எடுக்கவும் கையில் ஒரு பிரதி வேண்டுமே. நான் போட்ட பெட்டியை எதில் ஸ்கேன் எடுப்பது?

நம் ஜொகூரில் இரண்டு ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் இருக்கின்றன: ஜொகூர் பாருவில் தெமெங்கோங் இப்ராஹிம், பத்து பகாட்டில் துன் உசேன் ஓன். பொன்விழாக் கல்வி நிதியில் ஒரு பகுதியை வைத்து, இவற்றில் ஏதாவது ஒன்றின் நூலகத்துக்குத் தமிழ்ச் சிறுவர் நூல்களைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும். முதலில் போய்க் கேட்போம். வேண்டாம் என்றால் வேறு கல்லூரி. பெட்டியை இறக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் தெரியாதவர் பதிவு செய்ய முடியாமல் அது ஸ்டோரிலேயே கிடக்கும். சரக்கு அனுப்பும்போது பட்டியல் வைக்கிறோம் அல்லவா? அதுபோல நூலின் பெயர், எழுதியவர், ஆண்டு, யார் வீட்டுப் புத்தகம் என்று தமிழிலும் ரூமியிலும் எழுதி உள்ளே வைப்போம். அந்த வேலையை இளைஞர் பிரிவு செய்யும். துருப்பிடித்த கம்பியைக் கழற்றி நூலால் தைக்க வேண்டும். அதற்குத் தாய்மார்கள் உதவி தேவை.

என் கடையின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரியை ஒழித்து வைத்திருக்கிறேன், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வெள்ளம் வந்தாலும் எட்டாதபடி. இப்போது அதில் பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று உம்மா கொடுத்தது. எப்படியோ பெட்டிக்கு வெளியே அவர்கள் துணி அலமாரியில் தங்கிவிட்டது. முதல் பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்துப் பிழையோடு. உங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். கிறுக்கலை மட்டும் தயவுசெய்து அழித்துவிட்டுக் கொண்டுவராதீர்கள்.