புகைக்கும் கணக்கு வேண்டும்



சில்லறை வணிகனிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் அரசு, புகைபோக்கியிடமும் கேட்க வேண்டாமா? அமெரிக்காவிலே 2009ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிப்படி, ஆண்டொன்றுக்கு 25,000 மெட்ரிக் தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயுக்களை வெளிவிடும் ஆலைகளுட் பெரும்பாலானவை அரசுக்குக் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும். அக்கணக்கைக் குடிமகனும் பார்க்கலாம். 2025 செப்டெம்பரில் அவ்விதியின் பெரும்பகுதியை நீக்க அந்நாட்டு அரசே முன்மொழிந்தது. கணக்கு யாருக்குக் கசந்ததோ!

நமது நுரைச்சோலையிலே 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அங்கே எரிந்த நிலக்கரியின் அளவையும் தரத்தையும் அறிந்தால் வாயுவின் அளவை நாமே கணிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலுண்டு. விண்ணப்பம் பெற்ற அலுவலர் 14 வேலைநாட்களுள் முடிவு கூறக் கடமைப்பட்டவர். விண்ணப்பத்தை நாம் வரைந்து தருகிறோம். ஒப்பமிட முன்வருவோர் யார்?