பாடலுக்குள் இருள்

பாட்டைக் கேட்டு மகிழக் காதுகள் மட்டும் போதும் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. இன்றோ பாட்டுடன் கூடவே அதற்கெனப் படைக்கப்பட்ட குறும்படம் ஒன்றும் வந்துவிடுகின்றது. சில நிமிடங்களே ஓடும் அப்படத்தை இசைக் காணொளி என்பர். இவற்றுட் பல ஆடலும் ஆரவாரமும் நிறைந்தவை. சில, காண்பவர் நெஞ்சில் இருளைக் கவிப்பவை. அத்தகைய இருண்ட படத்தை ஆக்கும் நெறியாளன் தன் கற்பனையை எங்கிருந்து பெறுகின்றான்?

இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க நெறியாளர் மார்க் ரோமனெக் ஆக்கிய இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உரிய பாடல்களை இயற்றியவர் ஒருவரே. 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' என்னும் இசைக்குழுவின் தலைவர் ட்ரென்ட் ரெஸ்னர். இரு பாடல்களும் 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரே இசைத்தொகுப்பில் இடம்பெற்றவை. ஆயினும் இரு படங்களின் இருளும் ஒரே இருளன்று.

முதற்படம் 'க்ளோசர்' என்பது, 1994இல் ஆக்கப்பட்டது. உடல் வேட்கையையும் அதனோடு ஒட்டிய தன்வெறுப்பையும் ஒளிவின்றிப் பேசும் பாடல் அது. அதற்கேற்ற காட்சிகளைத் தேடிய ரோமனெக், பிறருடைய கலைப்படைப்புகளை நாடினார். பிரான்சிஸ் பேகன் தீட்டிய ஓவியங்களில் இறைச்சிப் பிண்டங்கள் தொங்கும், வாய்கள் அலறும். ஜோயல்-பீட்டர் விட்கின் பிணங்களின் உறுப்புகளையுங்கூட அடுக்கிவைத்து நிழற்படம் பிடிப்பவர். பின் படச்சுருளையே கீறிப் பழமைத் தோற்றம் ஊட்டுபவர். குவே சகோதரர் எனப்படும் இரட்டையர், தூசி படிந்த பொம்மைகளை அசையச் செய்து விந்தையான குறும்படங்கள் ஆக்குவோர். இவர்களுடைய படைப்புகளே ரோமனெக்குக்கு ஊற்றாயின.

அப்படத்தைக் காண்போர், பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானி ஒருவனின் பாழடைந்த ஆய்வுகூடத்துள் நுழைந்தது போல உணர்வர். நாற்காலியிற் பிணைத்த இதயம் ஒன்று துடிக்கின்றது. பன்றித் தலையொன்று பொறியிற் பொருந்திச் சுழல்கின்றது. படச்சுருளோ நெடுங்காலம் பெட்டியுட் கிடந்து மக்கியது போலத் தோன்றுகின்றது. நியூயோர்க் நகரத்து நவீனக் கலை அரும்பொருட்சாலை அப்படத்தைத் தன் நிரந்தரத் தொகுப்பிற் சேர்த்துள்ளது. கற்றுத் தேர்ந்த கலைஞன் ஒருவன் கட்டி எழுப்பிய இருள் அது. அதைக் கண்டு நாம் வியக்கின்றோம்; அஞ்சவும் செய்கின்றோம்; ஆனால் அழுவதில்லை.

இனி இரண்டாவது படம். அதன் பெயர் 'ஹேர்ட்'. வலி என்று தமிழிற் கூறலாம். ரெஸ்னர் இயற்றிய அப்பாடலை, நாட்டார் இசைமரபில் வந்த முதுபெரும் பாடகர் ஜொனி காஷ், 2002இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்பிற் பாடினார். அப்போது அவருக்கு வயது 70. நோய் உடலை வாட்டியிருந்தது, கை நடுங்கியது, குரலும் தளர்ந்திருந்தது. தளர்ந்த அக்குரலே பாடலுக்குப் புதுப்பொருள் தந்தது. இளைஞன் ஒருவனின் விரக்தியாக எழுதப்பட்டது, முதியவர் ஒருவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் வாக்குமூலம் ஆயிற்று.

இப்பாடலைப் படமாக்க ரோமனெக் தாமாகவே முன்வந்தார். லொஸ் ஏஞ்சல்ஸில் படப்பிடிப்புக் கூடம் ஒன்றில் காட்சிகளை அமைப்பதே அவருடைய முதல் எண்ணம். காஷின் உடல்நிலையும் பயணமும் அதற்கு இடந்தரவில்லை. ஆகவே டெனசி மாநிலத்திலே ஹெண்டர்சன்வில் என்னும் ஊருக்குத் தாமே செல்ல நேர்ந்தது. அங்கே காஷின் வாழ்க்கையை விளக்கும் அரும்பொருட்சாலை ஒன்று இருந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்து சிதைந்துபோன கட்டடம். புகழின் சின்னங்களாக மாட்டப்பட்டிருந்தவை கேட்பாரற்றுக் கிடந்தன.

அந்தச் சிதைவைக் கண்டபோதே படத்தின் கரு நெறியாளருக்குத் தோன்றிற்று. பாடகர் தம் பாடல்களில் தம்மைப் பற்றி எதையும் மறைத்ததில்லை; படம் மட்டும் ஏன் அவர் தளர்ச்சியை மறைக்க வேண்டும்? இவ்வாறு துணிந்தார் ரோமனெக். மக்கிய கட்டடத்தையும் மெலிந்த முகத்தையும் உள்ளவாறே காட்டினார். இடையிடையே காஷின் பழைய படச்சுருள்களைச் சேர்த்தார். நிமிர்ந்த தோளும் கூரிய பார்வையுமாய் ஓர் இளைஞர் தோன்றுகின்றார். மறுகணம் அதே மனிதர் முதியவராய் நம்முன் அமர்ந்திருக்கின்றார். நடுவில் நாற்பது ஆண்டுகள் ஒரு சொல்லுமின்றிக் கடந்துவிடுகின்றன.

படத்தில் விருந்து மேசை ஒன்று வருகின்றது. கனியும் உணவும் நிறைந்த அம்மேசைமீது, காஷ் நடுங்கும் கையால் மதுவை ஊற்றிச் சிந்துகின்றார். இக்காட்சி பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்களை நினைவூட்டும். செல்வத்தின் நடுவே மண்டையோட்டையும் அணையும் விளக்கையும் வரைந்து, வாழ்வு நிலையாதென உணர்த்தியோர் அவர்கள். அதே நூற்றாண்டிலேதான் ஒல்லாந்தர் நம் நாட்டுக் கரையோரங்களைக் கைப்பற்றினர். காலிக் கோட்டையிலுள்ள அவர்தம் தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் மண்டையோடு செதுக்கியிருப்பதை நேயர்களுட் சிலர் கண்டிருப்பீர்கள். நமக்கும் இவ்வுணர்வு புதிதன்று. நிலையாமையைப் பாடக் காஞ்சித் திணை என்று ஒன்றை நம் முன்னோர் வகுத்தனர். வள்ளுவரும் அதற்கோர் அதிகாரம் ஒதுக்கினார்.

படப்பிடிப்பின்போது காஷின் துணைவியார் ஜூன் கார்ட்டர், படிக்கட்டில் நின்று கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பார்வையில் அன்பும் பெருமிதமும் துயரமும் கலந்திருந்தன. அதனைக் கண்ணுற்ற நெறியாளர், அவரையும் படத்திற் சேர்த்துக்கொண்டார். முன்கூட்டி எழுதிவைத்த காட்சியன்று அது. ஆயினும் படத்தின் உயிர் அதுவே. இறுதியில் காஷ் பியானோவின் மூடியை மெல்லச் சாத்துகின்றார். அம்மூடியின்மேல் அவர் கைகள் தங்குகின்றன. படம் முடிகின்றது.

ஜூன் கார்ட்டர் 2003ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி காலமானார். நான்கு மாதங்களுக்குள், செப்டெம்பர் 12ஆந் திகதி, காஷும் மறைந்தார். படத்தைக் கண்ட ரெஸ்னர், அப்பாடல் இனித் தம்முடையதன்று என்று உணர்ந்ததாகக் கூறினார்.

நோயுற்ற முதியவரை உலகின்முன் இவ்வாறு காட்டுவது முறையாகுமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது. நம் வீடுகளில் முதியோரைப் படம் பிடிக்கும்போது தலை சீவி, புத்தாடை உடுத்தி, சிரிக்கச் சொல்கின்றோம். அதுவும் அன்புதான். அறியாத ஒருவரின் தளர்ச்சியைத் திருடிக் காட்டுவதோ இழிசெயல். காஷ் திருடப்பட்டவரல்லர், எல்லாம் அறிந்தே படக்கருவியின்முன் அமர்ந்தவர். சிறைச்சாலைகளுக்குச் சென்று கைதிகளின்முன் பாடியவர். தம் போதைப் பழக்கத்தையும் ஒளித்து வையாதவர். அம்மனிதருக்கு மெருகு பூசியிருப்பின், அதுவே அவமதிப்பாகியிருக்கும்.

கட்டுரை எழுதும் மாணவருட் பலர், துயரம் என்றதும் புயலையும் மின்னலையும் கூவி அழைப்பதை நான் கண்டிருக்கின்றேன். பாட்டனாரின் வெறுங்கட்டிலருகே சாத்தியிருக்கும் ஊன்றுகோல் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. படம் ஆக்க விழையும் இளைஞரும் இதனைச் சிந்தித்தல் நன்று. முன்னோர் கலையைக் கற்கத்தான் வேண்டும். 'க்ளோசர்' படத்துக்காக ஓவியங்களைத் துருவிப் பயின்ற கண்ணே, ஹெண்டர்சன்வில்லின் சிதைந்த சுவரையும் படிக்கட்டில் நின்ற மூதாட்டியையும் அடையாளங் கண்டது. கற்ற கண் வேண்டும். தான் வகுத்துவந்த திட்டத்தை உண்மையின்முன் கைவிடும் பணிவும் வேண்டும்.