சுபாவமும் தொழிற்பக்குவமும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்ற ஆண்டு நம் சங்கத்து உபகாரச் சம்பளத்திற்காக மாணாக்கரை நேரில் விசாரித்த கமிட்டியில் யாமும் ஓர் அங்கத்தினராய் அமர்ந்திருந்தோம். "பட்டம் பெற்றபின் என்ன செய்வதாய் உத்தேசம்?" என்று ஒவ்வொருவரையும் வினவினோம். "கலெக்டர் ஆவேன்" என உரக்க மொழிந்த பிள்ளைக்கு அக்கணமே சம்மதித்தோம். கணிதத்தில் முதன்மையாய்த் தேறிய பெண்ணொருத்தி, "இன்னும் நிச்சயிக்கவில்லை ஐயா" என்று தலைகவிழ்ந்தாள். 'பக்குவம் போதாது' என்றெழுதி அவளை விலக்கினோம். அக்குறிப்பில் எமது கையொப்பமும் உண்டு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலே 1908ஆம் ஆண்டில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் வாலிபருக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்தி ஆராய்தல் என்பனவே அவர் வகுத்த முறை. பின்னர் 1959இல் ஜான் ஹாலண்டு என்னும் மனோதத்துவ அறிஞர், மாந்தர் சுபாவத்தையும் தொழிற்சூழலையும் ஆறு வகையாய்ப் பிரித்துப் பொருத்தம் பார்க்கும் கொள்கையை வெளியிட்டார். நம்மவரோ டாக்டர், எஞ்சினீயர் என இரண்டே வகை கண்டவர்கள்! டொனால்டு சூப்பர் என்பாரோ, பக்குவமாவது ஓர் உத்தியோகத்தின் பெயரைச் சொல்லிவிடுவதன்று; முன்யோசனை, தேடியறியும் விருப்பம், தீர்மானிக்கும் முறையறிவு ஆகியன கூடியது என்று கொண்டார்.

ஆகவே, "நிச்சயிக்கவில்லை" என்னும் விடை ஒன்றாயினும் அதனைச் சொல்லுவோர் ஒரு தன்மையர் அல்லர். சிலருக்கு விஷயஞானம் குறைவு. அவர்களை அவ்வத்தொழில் செய்வாரிடம் நான்கு நாள் அனுப்பினால் தெளிவு பிறக்கும். வேறு சிலரோ எல்லாம் அறிந்தும், சுபாவத்திலுள்ள அச்சத்தாலும் தன்மீதே கொண்ட ஐயத்தாலும் எதனையும் முடிவு செய்ய இயலாது தவிப்பவர்கள். இன்னோரிடம் மேலும் பத்துப் படிப்புகளின் ஜாபிதாவை நீட்டுதல் தவிப்பையே பெருக்கும். சர்வகலாசாலை ஆலோசகர் ஒருவர் தனித்திருந்து, பன்முறை பொறுமையோடு பேசுதலே இவர்க்கு வேண்டுவது. வெறும் கூச்சமோ இவ்விரண்டிலும் சேராது; நாலு பெரியவர் முன் நா எழாத பிள்ளை தன்னறையில் யாவும் திட்டமிட்டிருத்தலும் கூடும்.

அப்பெண் இவருள் எவ்வகையினள்? அதனையறிய யாம் ஒரு கேள்விகூடக் கேட்டோமில்லை. ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டோம்.

இவ்வாண்டு ஒவ்வொரு மாணாக்கருக்கும் அரைமணி நேரமேனும் ஒதுக்கவும், "என்ன ஆவாய்?" என்பதை விடுத்து "இதுகாறும் எதை எதை விசாரித்தறிந்தாய், எது உன்னைத் தடுக்கிறது?" என்று வினவவும் கமிட்டியாரை வேண்டுகிறோம். அப்பெண்ணை மீண்டும் அழைத்துக் கடிதம் எழுதக் காரியதரிசி அவர்கள் அன்புடன் இசைந்திருக்கிறார்கள்.