கணக்கு உதைக்கிறது

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்: சாயங்காலம் பத்து ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு வவுச்சராப் புரட்டணும்.

அந்தப் பழக்கத்தோடதான் கீழவெண்மணியைப் படித்தேன். பழைய தஞ்சை மாவட்டம், 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட, செங்கொடியை இறக்க மறுத்த சேரி. மிராசுதார் கூட்டத்துக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எத்தனை பேர்? நினைவுச் சின்னத்தில் 44. சில பதிவுகளில் 42. இங்கே உதைப்பது இரண்டு உயிர். யார் உட்கார்ந்து சரிபார்த்தது?

அடுத்து, தீர்ப்பு. 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

காரு சாட்சி ஆயிடுச்சு. கண்ணால் பார்த்தவன் பேச்சு சாட்சி ஆகல.

நூறு வருஷம் கழிச்சு இந்தத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் வரலாறு எழுதினால் என்ன எழுதுவார்? குடிசை எரிந்தது, எரித்தவர் யாரும் இல்லை. அதுக்கு 'ஆதாரபூர்வமானது' என்று பெயரும் வரும். அதனால எந்த ஆவணத்தை எடுத்தாலும் முதலில் கேளுங்கள்: முத்திரை யார் கையில் இருந்தது? யார் பேச்சு எழுத்தில் ஏறியது? யார் பேச்சு தள்ளுபடி ஆனது?

நமக்கும் இதே கேள்விதான். அன்று மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அதை விட்டுவிட்டு எழுதினால் நாமும் பக்கத்தைக் கிழித்தவர்கள்தான். மேடையில் ஆவேசத்துக்காக எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். 44 போதாதா?

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யணும். உங்க சேரியில் எரிந்த வீடு, பறிபோன நிலம், அடிபட்டுச் செத்தவர் — கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். பெயர், வயது, நாள், சொன்னவர் யார், நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா — எல்லாம் வேணும். இரண்டு பேர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பேர் வைக்காத பிள்ளைன்னா 'கைக்குழந்தை'ன்னாவது ஒரு வரி போடுங்க.

கணக்கு ஒத்துவர்ற வரைக்கும் நாம எழுந்திருக்கக் கூடாது.