தொடங்கியவர் திரும்பி வரும்போது



ஒருவர் படைத்த கதை பலர் கைமாறி, படத்திற்குப் படம் நலிந்துகொண்டே போகுமானால், அதை முதலில் படைத்தவரையே மீண்டும் அழைத்து வருவது திரையுலக வழக்கம். விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் இது பலமுறை நிகழ்ந்திருக்கிறது. தொடங்கியவர் திரும்பி வந்தால் தளர்ந்தது தழைத்துவிடுமா? இதைச் சற்று ஆராய்வோம்.

தமிழில் வேற்றுக்கோள் மனிதர்கள் 1963-இல் 'கலை அரசி' படத்திலேயே பூமிக்கு வந்துவிட்டார்கள். ஆயினும், தொடங்கியவரே மீண்டும் வந்து தொடர்ந்த விஞ்ஞானக் கதைக்குச் சான்று, ஷங்கர் இயக்கிய 'எந்திரன்'. 2010-இல் வந்த அப்படத்தின் முடிவில், சிட்டி என்னும் இயந்திர மனிதன் தன்னைத் தானே கழற்றிக்கொண்டு காட்சிப்பொருளாகிறான். எட்டாண்டுகளுக்குப் பின், 2018-இல் '2.0' படத்தில் அவனை மீண்டும் பூட்டி எழுப்பினார் ஷங்கர். நலிந்த தொடர் அன்று அது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. முதற்படம், இயந்திரத்திற்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டது. இரண்டாவது படம் அதையே திரும்பக் கேட்கவில்லை; கைப்பேசிகளின் பெருக்கத்தால் பறவையினம் அழியலாமா என்று கேட்டது.

உண்மையிலேயே தளர்ந்துபோன தொடரைக் காண வேண்டுமாயின் ஹாலிவுட்டுக்குச் செல்லவேண்டும். 1979-இல் ரிட்லி ஸ்காட் 'ஏலியன்' படத்தை இயக்கினார். சரக்குக் கப்பல் போன்றதொரு விண்கலம். அதில் ஏழு பேர். கூலிக்கணக்குப் பேசும் சாதாரணத் தொழிலாளிகளும் அவர்களுள் உண்டு. அவர்களிடையே ஒரு கொடிய உயிர் புகுந்துவிடுகிறது. அடுத்த மூன்று படங்களை வேறு மூவர் இயக்கினர். 1986-இல் ஜேம்ஸ் காமரூன் இயக்கியது பெரும்புகழ் பெற்றது. பிறகு தொடர் தளர்ந்தது. 2004-இலும் 2007-இலும் அந்த உயிரை வேறொரு படத்தின் கொடிய பிராணியோடு மோதவிட்டுக் காட்டும் நிலை வந்தது.

2012-இல் ஸ்காட் 'பிரொமீத்தியஸ்' என்னும் படத்தோடு திரும்பினார். தம் முதற்படத்தில், பாழடைந்த கலமொன்றில் மாண்டுகிடந்த இராட்சத உருவம் யாருடையது என்பதை இடைவந்த படங்கள் ஆராயவில்லை. அவர் அதையே பற்றிக்கொண்டு, மனிதனைப் படைத்தவர் யார் என்ற கேள்வியை எழுப்பினார். கருத்து வேறுபாடுகள் எழுந்தன. எனினும் வசூல் சுமார் 40 கோடி டாலரை எட்டியது. 2017-இல் 'கவனன்ட்' படத்தில் பழைய உயிரையே மீண்டும் முன்னிறுத்தினார். வசூல் சுமார் 24 கோடியாகக் குறைந்தது. வசூல் ஒன்றே கலையின் அளவுகோல் அன்று. மக்களின் ஆவல் குறைந்ததற்கு அது அடையாளமாகும்.

2024-இல் 'ரோமுலஸ்' வந்தபோது ஸ்காட் தயாரிப்பாளருள் ஒருவராக நின்றுகொண்டார். இயக்கியவர் ஃபெடே அல்வாரெஸ். முதற்படம் வெளிவந்தபோது அவர் ஒரு வயதுக் குழந்தை! கதையின் நாயகி, சுரங்கக் குடியிருப்பில் வேலை செய்யும் இளம்பெண். ஒப்பந்தப்படி உழைத்து முடித்தும், ஆள் பற்றாக்குறையைக் காட்டி நிறுவனம் அவளை விடுவிக்க மறுக்கிறது. தொழிலாளரின் துயரம் என்னும் பழைய இழை, இங்கே புதிய தலைமுறையின் கேள்வியாகிறது. வசூலும் சுமார் 35 கோடிக்கு உயர்ந்தது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. தாம் தொடங்கிய 'டெர்மினேட்டர்' தொடருக்குக் காமரூன் 2019-இல் தயாரிப்பாளராகத் திரும்பினார், அப்படம் நஷ்டமடைந்தது.

அருள்புரம் வட்டாரத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பனியன் கம்பெனியில் ஒரு பேட்டர்ன் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், துணி மாறினால் சுருக்கமும் மாறும். பழைய அளவை வைத்து அப்படியே வெட்டினால், தைத்த சட்டை உடம்பில் பொருந்தாது. நல்ல மாஸ்டர், அளவு ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதை அறிந்தவர். ஆகையால் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதையும் அறிவார்.

தொடங்கியவரின் சிறப்பும் அத்தகையதே. பழைய விடையை மீண்டும் சொல்ல வருபவரால் பயன் சிறிது. முதற்கேள்வியை நினைவில் வைத்து, இன்றைய கேள்வியைத் தேடுபவரால் படைப்பு உயிர்பெறும். தேடும் வேலையை இளையவரிடம் ஒப்படைக்கும் மனம் அவருக்கு இருந்தால் இன்னும் நன்று. மூத்தோர் தொடங்கியதை நாளை நீங்கள் ஏற்கும்போது, அவர்கள் கேட்ட கேள்வியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் கேள்வியைத் துணிந்து கேளுங்கள்.